கத்திரி வைப்பதற்கு முன்

மைசூரில் இருக்கும் எங்கள் தையல் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் உறுதி என்று நான் வாயைத் திறந்து சொல்லாமல் யாரும் துணியில் கத்திரி வைக்க மாட்டார்கள். ஒருவருக்கென்று வெட்டிய துணியை வேறு எவனும் சீண்ட மாட்டான்.

அன்று மத்தியானம் துணி மேசைமேல் விரிந்தபடி கிடந்தது. பெண்கள் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டுக் கடை ஒன்று துணிப்பை கேட்டிருந்தது. ஐந்து மணிக்குள் எங்கள் சம்மதம் மெயிலில் போயாக வேண்டும். அதுவும் எங்கள் வெப்சைட் பெயரில் உள்ள மெயிலிலிருந்துதான். வேறெதையும் ஏற்க மாட்டார்கள். இது கை நழுவினால் தசரா முடியும்வரை இவர்களுக்குக் கொடுக்க வேலை இல்லை. வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். கூடத்தைச் சாத்த வேண்டியதுதான்.

அனுப்பிய மெயில் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடியும் வந்தது.

வெப்சைட் சமாச்சாரமெல்லாம் என் வீட்டுக்காரர் பொறுப்பு. பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நம்ம ஐபி அட்ரஸ்லயே இன்னும் நெறையப் பேரோட சைட்டு இருக்குது அம்மிணி. அதுல எவனோ கண்ட மெயிலையும் அள்ளி உட்டிருக்கறான். மெயில் வாங்கறவங்க மொத்த அட்ரஸையும் தடுத்துப்போட்டாங்க."

"எவனோ பண்ணுனதுக்கு நாம ஏனுங்க சாவோணும்?"

"நமக்குன்னு தனி ஐபி வாங்கிப்போடலாம்."

வாங்கினோம். சைட் புது முகவரிக்கு மாறியது. எல்லாம் முடிந்த தோரணையில் அவரே மெயிலை அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது.

"என்னத்தைத்தான் வாங்குனீங்க?" என்று கத்தினேன்.

எங்கள் சைட்டை வைத்து நடத்துகிற ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போட்டார். "ஸ்வல்ப இரி சார்" என்று காக்க வைத்துவிட்டு வந்த பெண், கன்னடத்தில் நிதானமாகச் சொன்னாள். நாங்கள் வாங்கிய தனி முகவரி சைட்டுக்கு மட்டும்தானாம். வெளியே போகிற மெயில் இன்னும் பழைய பொது முகவரி வழியாகவே போகிறதாம். வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று.

வழி இரண்டு என்றாள். மெயிலையும் தனி முகவரிக்கு மாற்றலாம். இல்லையென்றால், கண்டவர்களைச் சேர்க்காமல் அவர்களே கண்காணிக்கிற இன்னொரு பொது முகவரியில் விடலாம்.

"தனியாவே போயிரலாம். கூட்டத்துல பட்டது போதாதா?" என்றார் இவர்.

நான் போனைப் பிடுங்கினேன். தனி முகவரியில் போனால் உடனே வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டேன். சொல்ல முடியாது மேடம், புது முகவரி, முன்பின் தெரியாததைச் சந்தேகப்பட்டு ஒதுக்கினாலும் ஒதுக்குவார்கள் என்றாள்.

எனக்கு அந்தச் சந்தேகம் தெரியும். எங்கள் ஊர் ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்த புதிதில் தனி வீடு கேட்டு ஏறி இறங்கினோம். உங்களை இங்கே யாருக்குத் தெரியும் என்றே எல்லா வாசலிலும் கேட்டார்கள். கடைசியில் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, எட்டுக் குடித்தனத்தோடு ஒரு வரிசை வீட்டில் நுழைந்தோம். தண்ணீருக்குத் தினமும் சண்டைதான். ஆனால் உள்ளே விட்டார்கள்.

போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "கூட்டத்துலயே போடச் சொல்லுங்க."

"அதுவும் திரும்புச்சுன்னா?"

"போடச் சொல்லுங்கன்னா!" குரல்தான் பெரிதாக இருந்தது.

அவள் மாற்றிக் கொடுத்தாள். அனுப்பினோம். திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. போய்ச் சேர்ந்ததா, எங்காவது குப்பையில் கிடக்கிறதா? யாரைக் கேட்பது?

மூத்த தையல்கார அக்கா கத்திரியோடு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். "ஆயித்தா?"

"இல்லக்கா. இருங்க."

உள்ளே ஒருத்தி டிபன் டப்பாவைப் பைக்குள் வைக்கிற சத்தம் கேட்டது. போகாதே என்று சொல்ல எந்த முகத்தோடு போவேன்?

ஐந்து அடிக்கப் போகிற நேரத்தில் பதில் வந்தது. கிடைத்தது, வேலையைத் தொடங்குங்கள் என்று ஒரே வரி. வீட்டுக்காரர் நாற்காலியில் சரிந்தார்.

நான் மேசைக்கு ஓடினேன். வெட்டுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அக்கா என் முகத்தையே பார்த்தார். கத்திரியை எடுத்துத் துணியில் வைத்தார்.