இரண்டு வாளிக்கும் ஒரே கோடு

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளந்து, செல்போனில் கோடாக வரைந்து காட்டும் மலிவான கருவி ஒன்றை வாங்கியிருந்தேன். அதைச் சோதித்துப் பார்க்க, பாளையங்கோட்டையில் நண்பர் வீட்டில் இரண்டு வாளி வைத்தோம். ஒன்றில், சாக்கடை வந்து விழும் இடத்தில் மொண்ட தாமிரபரணித் தண்ணீர். மற்றதில் அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இரண்டுக்கும் ஒரே உயரத்தில் கோடு விழுந்தது.

"மலிவு மிசின்லா, அப்படித்தான் காட்டும்வே" என்றார் நண்பர்.

எனக்கும் கருவியைத் திட்டத்தான் தோன்றியது. கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் இறக்கினோம். கோடு சட்டென்று இறங்கியது. அதில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டோம், ஏறியது. கருவியில் ஒரு கோளாறும் இல்லை.

நண்பரின் மனைவி காபி கொண்டுவந்தார். எந்தத் தண்ணீரில் போட்டது என்று கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. குடித்தோம்.