அவள் உதட்டைப் பிதுக்கினாள்

எனக்குப் பயம் வந்தாலும் துக்கம் வந்தாலும் வாய் தானாகச் சிரிக்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் திட்டும்போது சிரித்து, அந்தச் சிரிப்புக்குத் தனியாக அடி வாங்கியவள் நான். திமிர் பிடித்தவள் என்ற பட்டம் பத்து வயதிலேயே கிடைத்துவிட்டது. பட்டம் கொடுத்தவர்களில் ஒருவராவது என் கையைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். சில்லிட்டுப் போயிருக்கும்.

அப்படித் தொட்டுப் பார்த்தவள் ஒருத்திதான். எழுபதுகளின் நடுவில் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் இருவரும் சேலை எடுத்துக் காட்டும் வேலைக்கு நின்றோம். முதலாளி குடும்பமும் நாங்களும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சேர்ந்த முதல் வாரமே, சேலையில் கறை இருக்கிறது என்று ஒரு மலையாளத்து அம்மா என்மேல் பாய்ந்தார். நான் சிரித்தேன். அவர் இன்னும் எகிறினார். பக்கத்தில் நின்ற அவள் என் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சேச்சி, இவளுக்குப் பேடி வந்தா சிரி வரும், கேட்டோ. கையைத் தொட்டுப் பாருங்க" என்று பாதி மலையாளத்தில் சொன்னாள். பேடி என்றால் அங்கே பயம். அந்த அம்மா தொட்டுப் பார்த்து, "பாவம்" என்று சொல்லிவிட்டு வேறு சேலை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து என் முகத்துக்கு அவள்தான் வக்கீல். சேலை எடுக்க வந்தவர்கள் அதட்டினால் குறுக்கே விழுந்து அதே வாக்கியத்தைச் சொல்வாள். என் முகத்தைப் பற்றி நானே பேசப் பழகாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அவ்வளவு நம்பினேன், மண்டு.

அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். என் வேலையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இதற்கிடையில் சம்பளம் கூடுதலான பட்டுச்சேலைப் பகுதிக்கு எங்களில் ஒருத்தியை மாற்றப்போவதாகப் பேச்சு வந்தது. யாருக்குக் கிடைத்தாலும் சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டோம். நான் நிஜமாகவே சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளியம்மாவின் தம்பி மூன்று நாள் காய்ச்சலில் செத்துப்போனார். சின்ன வயது. கடைக்கு வந்தால் எங்களைப் பார்த்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும் ஒரே ஆள் அவர். கடையை அடைத்துவிட்டு எல்லோரும் துட்டி கேட்கப் போனோம். எங்கள் பக்கத்துச் சாவு வீட்டுக்கு ஒரு முறை உண்டு. உள்ளே நுழையும் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுப் பெண்கள் கதறுவார்கள்; வந்தவளும் சேர்ந்து அழ வேண்டும். கண்ணீர் வராதவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குரலாவது கொடுப்பாள்.

முதலாளியம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என் தம்பி போயிட்டானே" என்று கதறினார். அவர் உடம்பு நடுங்க நடுங்க, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும் அந்த முகம் என் கண்முன் வந்தது. முந்தானையைத் தூக்கக்கூடக் கை எழவில்லை. வாய் சிரித்துவிட்டது.

அவர் விலகி என் முகத்தைப் பார்த்தார். அழுகை நின்றது. பக்கத்தில் நின்ற அவளிடம், "இவ என்னத்துக்குட்டி சிரிக்கா?" என்று கேட்டார்.

வழக்கமாகச் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் போதும். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், முதலாளியம்மாவைப் பார்த்தாள். பிறகு கீழுதட்டைப் பிதுக்கி, ஒரு தோளை லேசாகத் தூக்கி இறக்கினாள். யார் கண்டது என்று அர்த்தம். அதோடு என்னைவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

மறுவாரம் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். முதலாளியம்மாமேல் எனக்குக் கோபமே இல்லை. தம்பியைப் பறிகொடுத்தவர் எதிரே ஒருத்தி சிரித்தால் அவர் வேறு என்ன நினைப்பார்? பட்டுச்சேலைப் பகுதி அவளுக்குப் போனது.

ஒரு மாதம் கழித்துப் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் எதிரே வந்தாள். நழுவப் பார்த்தாள், கூட்டத்தில் வழியில்லை.

"ஏன்ட்டி அப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன்.

"நான் உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லேல்லியே. பிள்ளையார் சத்தியமா ஒரு வார்த்தை சொல்லேல்ல."

உண்மைதான், பாவி. எந்தப் பஞ்சாயத்தில் வைத்தாலும் ஜெயித்துவிடுவாள். வாயால் ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். உதட்டுப் பிதுக்கலை எப்படி எடுத்துக் காட்டிச் சண்டை போடுவது? அப்பாவுக்கு மருந்து வாங்க வழியில்லாத வயிற்றெரிச்சலோடு, அவள் கொண்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று நின்றேன். வாய் கோணி, மெல்லச் சிரிக்கத் தொடங்கியது.

அவள் அதைப் பார்த்தாள். அந்த ஊரிலேயே அந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"ஹாவூ, சிரிச்சிட்டல்லோ! அப்போ பிணக்கம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகப் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.