டிரைவருக்கு வலப்பக்கம்

என் வலது காலைப் பார்க்கும் யாரும் முதலில் கேட்பது, எப்படி ஆச்சு என்பதுதான். ஜீப் என்பேன். அதற்கு மேல் கேட்காமல் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. காலை உடைத்தது பாறை. அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். நான் மன்னிக்காத ஆள் வேறு. அந்த ஆளைப் பற்றிச் சொல்ல எனக்கு யாராவது வேண்டும், எப்போதும்.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தொண்ணூற்றெட்டில் எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா இல்லை. அம்மாவும் நானும் மலைமெட்டுக்கு மேலே, கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவோம். விடியுமுன் பால் சொசைட்டி முக்கில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் தூக்குவாளி, தலையில் துண்டு. இப்படி ஊரில் பாதிப் பெண்கள் அங்கே நிற்பார்கள்.

நாங்கள் போன ஜீப்பின் சொந்தக்காரர் எங்கள் ஆள்தான். ரத்த சொந்தம் இல்லை, ஆனாலும் நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தென்னந்தோப்பும் காரைவீடும் இருந்தன. ஆனால் அவர் பெருமைப்பட்டது அதிலெல்லாம் இல்லை. ஆள் அடுக்குவதில்தான். கையில் டார்ச்சோடு வந்து நின்று, ஒவ்வொருத்தியையும் தலை முதல் கால்வரை பார்த்து, தக்காளிப் பெட்டி அடுக்குவது மாதிரி ஜீப்பில் அடுக்குவார். கனத்த உடம்புக்காரிகள் உள்ளே. பிள்ளைத்தாய்ச்சிகள் ஓரத்தில். என்னைப் போல ஒடிசலானவர்கள் முன்னால், டிரைவருக்கு இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் ஒருத்தி.

"ஏ புள்ள, நீ இங்கன வா. டிரைவருக்கு வலப்பக்கம் ஏறு. கம்பியப் பிடிச்சுக்க" என்பார்.

வலப்பக்கம் என்றால் இருக்கையே கிடையாது. டிரைவர் பாதி ஒதுங்க, மீதி விளிம்பில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. எனக்கு அந்த இடம் பிடிக்காது. டிரைவர் என் வயதுப் பையன், அவன் தோள் என் தோளில் இடிக்கும். இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன். "என் வண்டியில நான் சொன்ன எடத்துலதான் ஒக்காரணும். பிடிக்காட்டி நடந்து வா" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஜீப்புக் காசை நாங்கள் கையில் கொடுப்பதில்லை. சனிக்கிழமை கூலி போடும்போதே தோட்டத்துக் கங்காணி பிடித்துக்கொண்டு மாமாவிடம் கொடுத்துவிடுவார். இது பின்னால் தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்ட அன்றைக்கு மலை ஏறும்போது ஒரு வளைவில் லாரி ஒன்று பழுதாகி நின்றது. டிரைவர் பொறுக்காமல் அதை ஒட்டி வலப்பக்கமாக ஏற்றினான். பாறையில் உரசியது ஜீப். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. பாறைக்கும் ஜீப்புக்கும் நடுவே இருந்தது என் கால் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, எனக்கு முன்னால் மாமா பதில் சொன்னார். "தோட்டத்துல வழுக்கி விழுந்துருச்சு சார்." அம்மா வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். ஜீப்பில் அடிபட்டால் ஜீப்புக்காரர் வைத்தியச் செலவு பார்ப்பார், நாம் வழுக்கி விழுந்தோம் என்று சொல்ல வேண்டும். போலீஸ் வரக்கூடாது, வண்டி நிற்கக்கூடாது, நாளைக்கும் எல்லாரும் அதே வண்டியில்தான் வேலைக்குப் போக வேண்டும். அப்படி வழுக்கி விழுந்தவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தி இருப்பாள்.

வலியில் எனக்கு மரியாதையெல்லாம் மறந்து போயிருந்தது. "வழுக்கல சார். ஜீப்பு பாறையில மோதுச்சு. இவுக ஜீப்புதான்" என்று கத்தினேன். டாக்டர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு நான் சொன்னதையே எழுதினார். கேஸ் பதிவானது அதனால்தான். அன்றைக்கு நான் வாயை மூடியிருந்தால் பின்னால் எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

மதுரையில் காலில் கம்பி வைத்தார்கள். முட்டி மடங்காது என்றார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

நான் மதுரையில் கிடந்த நாட்களில் ஊரில் ஒரு கதை கிளம்பியிருந்தது. அந்தப் பெண்ணே வேண்டுமென்று டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாளாம். வழியெல்லாம் அவனோடு சிரித்துப் பேசிக்கொண்டே வந்தாளாம். அவன் ரோட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தானாம், அதுதான் மோதிவிட்டதாம். கிளப்பியது மாமா. டீக்கடையில் வைத்து, ஆட்கள் நடுவில், "நான் என்னத்தச் செய்ய, வயசுப் புள்ளைக" என்று தலையைத் தலையை ஆட்டிச் சொல்லியிருக்கிறார். டிரைவர் கேஸுக்குப் பயந்து திருப்பூர் பக்கம் ஓடிவிட்டான். மறுத்துச் சொல்ல ஆளில்லை. கூட வந்த பெண்களுக்கு உண்மை தெரியும். ஆனால் அவர்கள் நாளைக்கும் அந்த ஜீப்பில் ஏற வேண்டியவர்கள்.

எனக்கு ஓடைப்பட்டியில் பேசி, பூ வைத்திருந்தார்கள். திராட்சைத் தோட்டக்காரர்கள். கால் அடிபட்டது தெரிந்து மாப்பிள்ளையின் அம்மா மதுரைக்கே வந்து, என் தலையைத் தடவி, நடந்தால் போதும் ஆத்தா என்று சொல்லிவிட்டுப் போனவர். இந்தக் கதை காதில் விழுந்த பிறகு ஆள் விட்டு வேண்டாம் என்றார்கள். காலுக்காக இல்லை. பேருக்காக.

அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த மனுசன் தன் வாயாலேயே உண்மையைச் சொல்ல வேண்டும். அவரே என்னை அங்கே உட்கார வைத்தார் என்று, ஊர் கேட்க, அவரே சொல்ல வேண்டும். வேறு எதுவும் என் மனதில் இல்லை.

உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். விபத்து நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டோம், மாமா மேலும் இன்சூரன்ஸ் கம்பெனி மேலும். மறுவாரமே மாமா வீட்டுக்கு வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வந்தன. நான் கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ கேஸு போட்டது தப்பில்ல ஆத்தா. போடு. ஆனா காசு குடுத்து வரலன்னு மட்டும் சொல்லிரு. மாமா வண்டி, சும்மா ஏத்திக்கிட்டுப் போனாக, மேல ஒரு விசேச வீட்டுக்குப் போனோம்னு சொல்லு. கம்பெனிக்காரன் குடுத்துட்டுப் போறான். யாரு வீட்டுக் காசு?"

"ஊருல என்னையப் பத்திப் பேசுனது யாரு மாமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நாலு பேரு நாலு விதமாப் பேசத்தான் செய்வாக. நீ காதுல போட்டுக்காத."

அவர் போன பிறகு அம்மா அழுதார். "அவுக சொல்றதும் நெசந்தானத்தா. நீ கையில காசு குடுத்தியா? கங்காணிதானப் பிடிச்சான்? சும்மா வந்தேன்னு சொன்னா என்ன கெட்டுப் போச்சு? வம்ப வளக்காம பொழப்பப் பாப்போம்."

வக்கீலும் வேறு விதமாக அதையே சொன்னார். சொந்த உபயோகத்துக்கு என்று பதிவு செய்த வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றினால், கம்பெனி கை விரித்துவிடும். அப்புறம் உரிமையாளரிடம்தான் வாங்க வேண்டும். கம்பெனி என்றால் காசு உறுதி. ஆளிடம் என்றால் இழுக்கும், வருடக் கணக்கில். "யோசிச்சுச் சொல்லும்மா" என்றார்.

"அவுக தோப்பு அவுக பேருலதான் சார் இருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். யோசிப்பதற்கு எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

என்னைக் கூண்டில் ஏற்றியபோது உள்ளதைச் சொன்னேன். கூலியில் பிடித்தார்கள் என்று சொன்னேன். கம்பெனி வக்கீலுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. மாமா போட்ட பதில் மனுவில் இரண்டு வாதங்கள் இருந்தன. ஒன்று, நாங்களெல்லாம் அவருடைய சொந்தக்காரர்கள், விசேஷத்துக்குச் சும்மா போனோம். இரண்டு, நானே பிடிவாதமாக டிரைவர் பக்கத்தில் ஏறி, பேச்சுக் கொடுத்து, விபத்துக்குக் காரணமானேன். டீக்கடைக் கதையைக் கோர்ட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அதை வக்கீல் வாசித்துக் காட்டியபோது, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

மாமாவைக் குறுக்கு விசாரணை செய்யும் நாளுக்கு முன்னால் வக்கீலிடம் ஒன்று சொன்னேன். "அவுககிட்ட நீங்க உக்கார வச்சீகளான்னு கேட்டா இல்லம்பாக. டிரைவருதான ஆள் அடுக்குறது, உங்களுக்கு அதெல்லாம் வராதேன்னு கேளுங்க சார்."

வக்கீல் சிரித்தார். ஆனால் அப்படியே கேட்டார்.

"வண்டி உங்க பேர்ல இருக்கே தவிர, யார் எங்கே உட்காருவதுங்கிறதெல்லாம் டிரைவர் பார்த்துக்குவார். உங்களுக்கு அந்த விவரம் தெரியாது. சரிதானே?"

மாமாவின் கழுத்து நிமிர்ந்தது. எனக்கு அந்த நிமிர்வு தெரியும், விடியற்காலையில் டார்ச்சோடு எத்தனை நாள் பார்த்தது.

"எனக்காத் தெரியாது? எவன் சொன்னான்? அந்தப் பயலுக்கு ஓட்டத்தான் தெரியும். ஆளு அடுக்குறது நானு. மலையில போற வண்டிங்க. கனம் எங்கன, ஒடிசல் எங்கனன்னு பாத்து வைக்கணும். என் கை படாம ஒரு ஆளு என் வண்டியில ஏறுனதில்ல."

"அப்ப மனுதாரரையும் நீங்கதான் உட்கார வச்சீங்க."

"நாந்தான் வச்சேன். வலப்பக்கம் ஒடிசலான புள்ளயத்தான் வைக்கணும். தடிச்ச ஆள வச்சா டிரைவருக்குக் கை ஓடாது."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவருடைய வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனி வக்கீல் எழுந்து, நைசாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தச் சொந்தக்காரர்களை இப்படித் தினமும் விசேஷ வீட்டுக்கு அனுப்புவீர்களா என்று.

"ஞாயித்துக்கெழம கெடையாது. தோட்டம் லீவு" என்றார் மாமா. வாய்ப்பழக்கம்.

நான் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அன்றைக்கு உரிமை இருந்தும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த அறையில் வக்கீல்களும் அவரவர் வாய்தாவுக்குக் காத்திருந்த வேற்றூர்க்காரர்களும்தான் இருந்தார்கள். என்னைப் பற்றிப் பேசிய ஒருத்தர்கூட இல்லை. என் பேரைத் திருப்பிக் கொடுத்த வார்த்தை அந்த நாலு சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது.

தீர்ப்பு வந்தது. என் மேல் தப்பில்லை. வாடகைக்கு ஆள் ஏற்றியதால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. முழுத் தொகையும் வண்டிச் சொந்தக்காரரே, வட்டியோடு கொடுக்க வேண்டும். மாமா அசையவில்லை. ஜீப்பை விற்றுவிட்டு, இவள் என்ன செய்துவிடுவாள் என்று இருந்தார். வக்கீல் சொன்னபடியே இழுத்தது. நிறைவேற்று மனுப் போட்டு, தோப்பை ஜப்தி செய்ய உத்தரவு வாங்கினோம். கோர்ட்டு அமீனா தோப்பில் வந்து நின்ற அன்று சாயங்காலம், மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை ஹார்லிக்ஸ் இல்லை.

உள்ளே வந்து, பழக்கத்தில் நாற்காலியை இழுத்தார்.

"அங்கன இல்ல மாமா" என்றேன். அம்மா காய் நறுக்க உட்காரும் குட்டி ஸ்டூல் கதவோரம் கிடந்தது. "இங்கன ஒக்காருங்க."

நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். பிறகு உட்கார்ந்தார். முட்டி இரண்டும் நெஞ்சுவரை வந்தன. பெரிய உடம்பு அவருக்கு.

"ஆத்தா, தோப்பு போயிருச்சுன்னா நான் ஊருல நடமாட முடியாது. பாதியா வாங்கிக்க. எழுதிக் குடுத்துருவோம்."

"பால் சொசைட்டி முக்குல காலையில எல்லாரும் நிப்பாக. அங்கன வந்து, என்னைய நீங்கதான் ஒக்கார வச்சீகன்னு சொல்லுங்க. நான் சிரிச்சுப் பேசுனேன்னு சொன்னது பொய்யின்னும் சொல்லுங்க. மொதல்ல அது. பெறகு மத்ததப் பேசுவோம்."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை.

மறுநாள் விடியுமுன் போய் நின்றேன். வயலுக்குப் போகிற மாதிரி துண்டைத் தலையில் போட்டு வந்தார் மாமா. வேறு ஆட்களின் ஜீப்புகள் நின்றன. தூக்குவாளிகளோடு பெண்கள் நின்றார்கள். அதில் அன்றைக்கு என்னோடு வந்தவர்களும் இருந்தார்கள். அவர் முனகினார். "கேக்கல மாமா" என்றேன். மறுபடி சொன்னார், துண்டை எடுத்துவிட்டு, சத்தமாக. அந்தப் புள்ள வேண்டாம்னு சொல்லிச்சு, நாந்தான் ஏத்தி வச்சேன், அது யாரோடயும் பேசல, நான் பேசுனதுதான் பொய்யி. ஜீப்புக்காரர்கள்கூட இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டார்கள்.

பெண்கள் ஏறினார்கள், ஜீப்புகள் போயின. மாமா என் பக்கம் வந்தார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு இனித்தது, மறைக்கவில்லை.

"போதுமா ஆத்தா?"

"போதும் மாமா."

"அப்ப அந்தத் தோப்பு விசயம்... பாதியா முடிச்சுக்குவமா?"

"இப்பச் சொன்னீகளே, அது என் பேருக்கு. அது தீந்துருச்சு" என்றேன். "காலு அப்படியே இருக்கு மாமா. அத முழுசாக் குடுங்க."

அவர் அங்கேயே நின்றார். நான் வீட்டுக்கு நடந்தேன். மடங்காத காலை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், அவர் பார்க்கப் பார்க்க, ரோட்டின் நடுவிலேயே நடந்தேன்.