பன்னிரண்டாவது குப்பி

மீன் எண்ணெயிலுள்ள ஒரு கொழுப்பு அமிலம், தறிகெட்டுத் துடிக்கும் இதயத்தை வழிக்குக் கொண்டுவரும் என்று பதினெட்டு வருடமாக ஒற்றைக்காலில் நின்றவர் அந்த விஞ்ஞானி. ஆய்வகத்தில் அவருக்கு மீனம்மா என்றே பட்டப்பெயர். கணவரோ மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கதவைத் திறப்பார்.

அன்று அவர் கணிப்பைச் சோதிக்க, உதவியாளர் பன்னிரண்டு குப்பிகளின் பெயர்களை மறைத்து எண்களை ஒட்டினார். சிலவற்றில் மட்டுமே அமிலம். கண்ணாடித் தட்டுகளில் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருந்த இதயச் செல்களின்மேல் ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு சொட்டு விட்டார். எதில் அமிலம் இருக்கிறது என்று துடிப்பைப் பார்த்தே மீனம்மா சொல்லிக்கொண்டு வந்தார். பதினொன்றும் சரி.

"பன்னெண்டுல ஒண்ணுமே இல்ல," என்றார்.

"இல்ல மேடம், லிஸ்ட்டுல அமிலம்னு இருக்கு. இது ஒண்ணு தப்பாயிடுச்சு."

"என் கண்ணு தப்பாது. குப்பியக் குடுங்க."

திறந்து முகர்ந்தார். சிக்கு வாடை முகத்தில் அடித்தது. காற்றுப்பட்டு அமிலம் கெட்டுப்போயிருந்தது.

"பாத்தீங்களா! எந்தப் புத்திசாலி இத மூடாம வச்சது?"

உதவியாளர் பதிவேட்டை நீட்டினார். அந்தக் குப்பியைக் கடைசியாகத் திறந்தவரின் கையெழுத்து மீனம்மாவுடையது.

அவர் பேனாவை வாங்கி, அதன் கீழேயே அழுத்தி எழுதினார்: 'செல்கள் சொன்னது சரி. புத்திசாலி நான்தான்.'