செபாஸ்டின் வருகிற பாட்டு

குவைத்திலிருந்து மகள் சோனா அனுப்பிய பணத்தில் வாங்கிய புது டிவி, சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் சந்தனமேரி வீட்டுச் சுவரை முக்கால்வாசி அடைத்துக்கொண்டது. கடையில் அதில் ஒரு மீன் நீந்திக்கொண்டிருந்தது, செதிலைக்கூட எண்ணிவிடலாம். மீனுக்கே இவ்வளவு என்றால் செபாஸ்டின் முகம் எப்படித் தெரியும் என்று அப்போதே அவளுக்கு ஆசை பிடித்துவிட்டது.

செபாஸ்டின் அவள் புருஷன். நெஞ்சில் சளி என்று படுத்தவர், அந்த மழைக்காலம் முடியுமுன்னே போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. கல்யாணப் போட்டோவை லயத்து ஈரம் தின்றுவிட்டது. ஆதார் அட்டையில் இருப்பவரைப் பார்த்தால் போலீஸ் தேடுகிற ஆளைப் போலிருக்கும். மிச்சம் ஒரு சினிமாப் பாட்டுத்தான். சாவதற்கு இரண்டு வருஷம் முன்னே எஸ்டேட்டில் ஷூட்டிங் நடந்தது. கதாநாயகன் ஆட, பின்னால் தேயிலைக் கொழுந்து மூட்டை சுமந்து மேடேறுகிறவர்களில் செபாஸ்டினும் ஒருவர். ஒரே ஒருதரம் கேமரா பக்கம் திரும்புவார். பழைய டிவியில் அது முகமே இல்லை, வெறும் மங்கல். வாய் திறந்திருப்பது மட்டும் தெரியும். "அப்பா சிரிக்காரு" என்று சோனா சொல்லிச் சொல்லி, வீட்டில் அது வேதவாக்காகிவிட்டது.

புது டிவி வந்ததும் கேபிளில் அந்தப் பாட்டு வந்தது. டிவி பெரிதானதில் மங்கலும் பெரிதாகியிருந்தது, அவ்வளவுதான். டிவி புதுசானால் போதாது, படமும் ஹெச்டியாக இருக்கவேண்டும் என்றார்கள். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி மொபைல் கடைக்குப் போனாள். கடைக்காரன் 'பக்கா ஹெச்டி' என்று பென் டிரைவில் ஏற்றித் தந்தான். வந்து போட்டால், நடுப்படத்தில் யாரோ ஒருவர் எழுந்து திரையை மறைத்துக்கொண்டு வெளியே போகிறார். தியேட்டரில் திருட்டுத்தனமாகப் பிடித்தது. அடுத்த ஞாயிறு கொடுத்தது நல்ல தெளிவு. ஆனால் பாட்டையெல்லாம் வெட்டியிருந்தார்கள். வாரம் முழுக்கக் கொழுந்து பறித்த கையும் காலும் ஒருநாள் கிடந்து ஆறலாமென்றால் அதுவும் போச்சு. "எனக்கு முடியல சாமி," என்று டிவி முன்னாலேயே படுத்துவிட்டாள்.

கேபிள்காரன் ஷிஜுதான் வழி சொன்னான். "சேச்சி, படக் கம்பெனிக்காரங்களே பழைய படத்தப் புதுசாக்கி யூடியூப்ல போட்டிருக்காங்க. ஒரிஜினல் ஹெச்டி. நான் டிவியில இணைச்சுத் தாறேன். ஆனா லயத்து நெட்டுல வீடியோ காலே தவழ்ந்துதான் வரும், இது இறங்காது. குருசடிக்குப் போங்க."

ரோட்டு வளைவில் சிலுவை நட்டிருக்கிற குருசடியில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். சாயங்காலமானால் சிலுவை முன்னால் பாதி லயம் தலைகுனிந்து நிற்கும். ஜெபம் எது, டவுன்லோடு எது என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். சந்தனமேரியும் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதி இறங்கியதும் மேகம் மூடிற்று. சிக்னல் போய், மறுபடி முதலிலிருந்து.

"அக்கா, ஆனை இறங்குதாம், வந்து ஏறு!" என்று ஜீப்காரன் கத்தினான்.

"இறங்கட்டும்ப்பா, இங்க படந்தான் இறங்க மாட்டேங்குது," என்றாள். செத்தவரை ஒருதரம் பார்க்க இத்தனை பாடா என்று அழுகையாக வந்தது. ஆனாலும் நகரவில்லை. ஒருவழியாக இறங்கிற்று.

மறுநாள் ஷிஜு டிவியில் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். சோனாவை வீடியோ காலில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பாட்டைப் போட்டாள். தேயிலை இலை இலையாகத் தெரிந்தது. மூட்டையோடு செபாஸ்டின் திரும்பினார். சந்தனமேரி படத்தை நிறுத்தினாள்.

அவர் சிரிக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, தோளெலும்புக்குள் குழி விழுந்து, வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி நாளில் அவள் மடியில் கிடந்து தவித்த அதே வாய். 'போன மாசம் மழையில நனஞ்சதுதாம்ளா' என்று சாகிறவரை சொன்ன மனுஷன், அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே இப்படித்தான் மூட்டை சுமந்திருக்கிறார். ஷூட்டிங் முடிந்து வந்தன்றைக்குக்கூட, 'சும்மா நிக்க வச்சிருந்தானுக' என்றுதானே சொன்னார். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையில் காலில் விழுந்தாவது அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பாளே.

"அம்மா, போனை டிவி பக்கம் திருப்பும்மா," என்றாள் சோனா. திருப்பினாள். "ஐயோ, இங்க எல்லாம் கலங்கலா வருதே. முகமே தெரியல. அப்பா சிரிக்காருல்லம்மா?"

"ஆமா மக்கா, நல்லாச் சிரிக்காரு," என்றாள் சந்தனமேரி, போனை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு.