அச்யுத்தின் இடது கண்

சொர்ணத்துக்குப் பயம் என்பது கூடப்பிறந்த தங்கை மாதிரி. எங்கே போனாலும் வாலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவள். ஈஜிபுராவில் மாடியில் ஓர் அறை, ஒரு பழைய கேமரா, அதற்கு ஒரு ஃப்ளாஷ். வைட்ஃபீல்ட் அபார்ட்மென்ட்களில் குழந்தைகளின் பிறந்தநாளைப் படம் எடுப்பது அவள் பிழைப்பு. வேலையில் கெட்டிக்காரிதான். அழுகிற குழந்தையைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவாள். ஆனால் யாரிடமாவது சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அவள் எங்கும் படித்துத் தொழிலுக்கு வந்தவள் இல்லை. கல்யாண மண்டபங்களில் லைட் பிடித்து நின்று கற்றுக்கொண்டவள். முழுக் கதையையும் சொல்லிக் கேட்டால், தனக்கு என்னவெல்லாம் தெரியாது என்பது ஊருக்கே தெரிந்துவிடுமே என்ற பயம். அதனால் தமிழ் போட்டோகிராபர்களின் வாட்ஸப் குழுவில் அவள் கேட்பதெல்லாம் அரைகுறைக் கேள்வியாக இருக்கும். ‘படம் மங்கலா வருது, என்ன பண்ணலாம்?’ எந்த லென்ஸ், எவ்வளவு வெளிச்சம், ஒன்றும் இருக்காது. எடுத்த படத்தையும் காட்ட மாட்டாள். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வயிற்றைத் தொட விடாத நோயாளிக்கு யார்தான் என்ன சொல்ல முடியும்? ஆளுக்கொரு கஷாயம் சொல்வார்கள்.

அச்யுத் என்ற பையனின் முதல் பிறந்தநாள் படங்களுக்கும் அதே கதைதான். கேக் வெட்டும்போது வீட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள். சொர்ணம் ஃப்ளாஷ் போட்டு எடுத்தாள். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரில் பார்த்தால், குழந்தையின் ஒரு கண் சிவந்திருந்தது, இன்னொரு கண்ணின் கருமணி வெள்ளையாக இருந்தது. ஃப்ளாஷில் கண் சிவப்பது வழக்கம்தான். வெள்ளையாக வந்து அவள் பார்த்ததில்லை. ஃப்ளாஷ் கெட்டுப்போயிற்றோ, பெரிய இடத்தில் பேர் கெட்டுவிடுமோ என்று பதறிப்போய்க் குழுவில் கேட்டாள். ‘கண்ல வெள்ளையா வருது. எப்படி அழிக்கறது?’

பதில்கள் வந்து குவிந்தன. ஒருவர் ஓர் ஆப்பின் பெயரைச் சொன்னார். ஒருவர் நல்ல கண்ணை நகலெடுத்து ஒட்டச் சொன்னார். ஃப்ளாஷைக் கூரைப் பக்கம் திருப்பி அடிக்க வேண்டும் என்று இன்னொருவர் பாடமே நடத்தினார். எல்லாம் சரியான பதில்கள், அதுதான் கொடுமை. அழிப்பது எப்படி என்று கேட்டவளுக்கு அழிப்பது எப்படி என்று சொன்னார்கள்.

அவளும் பொறுமையாக உட்கார்ந்து சிவப்பையும் வெள்ளையையும் கறுப்பாக்கி, நல்ல படங்களாகச் சிலவற்றைக் குழந்தையின் அம்மாவுக்கு அனுப்பினாள். ஸ்னேஹா ஐடி கம்பெனியில் வேலை செய்கிறவள். மீட்டிங்குக்கு நடுவிலேயே பதில் போட்டாள். ‘சூப்பர், சொர்ணம். எங்க போன்ல எடுத்தா எப்பவும் அவனுக்கு ஒரு கண்ணு வெள்ளையாத்தான் வருது. நீங்க எடுத்ததுல ரெண்டும் அழகா இருக்கு.’

பாராட்டைப் படித்துப் பூரிக்க வேண்டியவள், அந்த நடு வரியை மறுபடி படித்தாள். அவர்கள் போனிலுமா? அது வேறு கருவி, வேறு வெளிச்சம், எடுத்த கையும் வேறு.

திருத்தாத படங்களை மறுபடி திறந்தாள். கேக்கைச் சுற்றி நின்ற மற்றப் பிள்ளைகளின் கண்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எல்லாம் சிவப்பு. அச்யுத்துக்கு மட்டும் வெள்ளை, அதுவும் இடது கண்ணில் மட்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பயம் போகவில்லை.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக, வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, குழுவில் முழுசாக எழுதினாள். ‘ஒரு வயசுப் பையன். ஃப்ளாஷ் நேரா அடிச்சேன். எல்லாப் படத்துலயும் இடது கண்ணு மட்டும் வெள்ளை. அதே ஃப்ளாஷ்ல மத்தப் பசங்களுக்கு வரல. அவங்க வீட்டு போன்லயும் இவனுக்கு ஒரு கண்ணு இப்படித்தான் வருதாம். தெரியாம நான் கறுப்படிச்சு அனுப்பிட்டேன். எப்படி அழிக்கறதுன்னு இப்பக் கேக்கல. ஏன் வருதுன்னு யாருக்காவது தெரியுமா?’ முகம் தெரியாமல் கண்களை மட்டும் வெட்டி அந்தப் படத்தையும் போட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஹரிஷ்குமார் போன் செய்தான். பீன்யா தொழிற்பேட்டையில் மெஷின் பாகங்களைப் படம் எடுக்கிறவன், குழுவில் வாயே திறக்காதவன்.

“அக்கா, எங்க வேலையில படத்துல ஒரு புள்ளி தெரிஞ்சா, அது லென்ஸ்ல இருக்கா, சாமான்லயே இருக்கான்னுதான் மொதல்ல பாப்போம். நீங்க எழுதினதைப் பார்த்தா லென்ஸ்ல இல்லக்கா.”

“அப்ப?”

“ஒண்ணுமில்லாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனா இது நம்மகிட்ட கேக்கற கேள்வி இல்ல, கண் டாக்டர்கிட்ட கேக்கணும். நாளைக்குன்னு தள்ளாதீங்க.”

போனை வைத்தபின் சொர்ணத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறந்தநாள் கொண்டாடிய வீட்டுக்குப் போன் செய்து யார் இதைச் சொல்வது? ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால், அபசகுனம் பிடித்தவள் என்று அந்த அபார்ட்மென்ட் பக்கமே சேர்க்க மாட்டார்கள். வலியப் போய் வம்பை விலைக்கு வாங்குவானேன்? ஆனால் ஏதாவது இருந்துவிட்டால்? அந்த வெள்ளைக்குக் கறுப்படித்தது இவள் கைதானே. அந்த நினைப்புத்தான் அவளைப் போனை எடுக்க வைத்தது.

“மேடம், அந்தப் படத்துல கண்ணை நான்தான் மாத்தினேன். என் கேமராவுலயும் வெள்ளையாத்தான் வந்துது.”

“அதனால என்ன? ஃப்ளாஷ்னால வர்றதுதானே?”

“மத்தப் பசங்களுக்கு வரல மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்கே ஒரு கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

“நீங்க போட்டோகிராபரா, டாக்டரா?” ஸ்னேஹாவின் குரல் சுருக்கென்று வந்தது.

“பயந்துக்கிட்டேதான் மேடம் சொல்றேன். உங்க போன்ல வர்றது எந்தக் கண்ணுன்னு மட்டும் ஒரு தடவை பாருங்க.”

ஸ்னேஹா லைனிலேயே இருந்து, போனில் இருந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“இடதுதான்,” என்றாள் ஸ்னேஹா. “எல்லாத்துலயும் இடதுதான். மாசக்கணக்கா வருது. நல்லா போட்டோ எடுக்க எந்த போன் வாங்கலாம்னு ஆபீஸ்ல எல்லாரையும் கேட்டேன். போனைத்தான் மாத்தினேன், சொர்ணம்.”

திருத்தாத படங்களோடு சொர்ணத்தையும் கூட வரச் சொன்னாள். சாயங்காலம் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படங்களைப் பார்த்தார். குழந்தையின் கண்ணில் மருந்து விட்டு, காத்திருந்து, விளக்கு வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை ஸ்னேஹாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதே சொர்ணத்துக்குத் தெரிந்துவிட்டது.

“கண்ணுக்குள்ள ஒரு கட்டி இருக்கும்மா.”

எல்லாம் சரியாயிடுமா என்று கேட்கத்தான் சொர்ணத்துக்கு வாய் வந்தது. ஸ்னேஹா அப்படிக் கேட்கவில்லை.

“உயிருக்கு ஆபத்தா, கண்ணுக்கு ஆபத்தா? அதை மட்டும் மொதல்ல சொல்லுங்க டாக்டர்.”

“ஸ்கேன் பார்த்துட்டுதான் உறுதியா சொல்ல முடியும். இப்ப பார்த்த வரைக்கும் உயிரைக் காப்பாத்திடலாம்னு நம்பறேன். கண்ணுக்குத்தான் போராடணும்.”

ஸ்னேஹா தலையை ஆட்டினாள். மடியில் இருந்த மகனின் நல்ல கண்ணை, வலது கண்ணை, உள்ளங்கையால் மெதுவாக மூடி, அவன் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனாள். “அச்சு, அம்மா தெரியறேனா?” என்றாள். குழந்தை அந்தக் கையைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, முடியாமல், அழத் தொடங்கியது.