உள்ளே ஒரு டிரைவர், வெளியே ஒரு புரோகிராம்

கல்யாணங்களை வீடியோ எடுத்து, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு லைவாக அனுப்புகிறேன். கடை தென்காசியில். படிப்பு எட்டாவதோடு சரி. கம்ப்யூட்டரை அடிபட்டுத்தான் கற்றேன்.

கேமராப் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. என் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ் சிஸ்டம். அதில் பெட்டியை இரண்டு விதமாக ஓட்டலாம். ஒன்று, பெட்டியை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளைக் கெர்னலுக்குள் ஏற்றுவது. கெர்னல்தான் சிஸ்டத்துக்கு அஸ்திவாரம். படம் உடனே வரும். ஆனால் டிரைவர் விழுந்தால் மொத்த கம்ப்யூட்டரும் விழும். இன்னொன்று, கெர்னலைத் தொடாமல் வெளியே சாதாரண புரோகிராமாக ஓட்டுவது. படம் கொஞ்சம் பிந்தும். விழுந்தால் அது மட்டும் விழும்.

நெடுநாள் உள்ளே ஏற்றித்தான் ஓட்டினேன். சீசன் நேரத்தில் இலஞ்சியில் ஒரு கல்யாணம். சாரல் காற்றில் கரண்ட் ஒரு சிமிட்டு சிமிட்டியது. பெட்டியின் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. டிரைவர் விழுந்து, யுபிஎஸ்ஸில் இருந்த கம்ப்யூட்டரும் அப்படியே உறைந்துவிட்டது. திரும்ப ஆன் பண்ணுவதற்குள் தாலி கட்டி முடிந்திருந்தது. பிறகு பெட்டியையும் யுபிஎஸ்ஸில் போட்டுப் பார்த்தேன். வயரை யாராவது தட்டினாலும் அதே கதிதான்.

அடுத்தது கடையநல்லூரில் ஒரு நிக்காஹ். பெண்ணின் தகப்பனாருக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. அவர் தம்பி கடைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, மாப்பிள்ளை சம்மதம் சொல்லுதத எங்கண்ணன் பாத்துரணும். மத்தது எப்படி வந்தாலும் சரி.”

“பாப்பாரு” என்றேன்.

மாப்பிள்ளையின் சம்மதம் ஒரு வார்த்தைதான். எங்களுக்காக இன்னொரு தடவை சொல்ல மாட்டார்கள்.

டிரைவரைக் கழற்ற உட்கார்ந்தேன். கூட வேலை பார்க்கும் மச்சினனுக்குப் பிடிக்கவில்லை.

“படம் பிந்தும் அத்தான். கார வித்துட்டு மாட்டுவண்டி வாங்குத மாதிரில்லா இருக்கு.”

“பிந்தினா வந்து சேரும்லே. உறைஞ்சா வராது.”

கழற்றிவிட்டு, வெளியே புரோகிராமாக ஓட்டினேன். படம் பிந்தியது, சத்தம் முந்தியது. மச்சினனைக் கேமரா முன்னால் நிறுத்திக் கை தட்டச் சொன்னேன். திரையில் கை சேருமுன்னே சத்தம் கேட்டது. சத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்த வைத்தேன்.

“கை செவந்துட்டு அத்தான்.”

“இன்னொருக்கா தட்டு.”

ஒத்துவந்த பிறகுதான் விட்டேன்.

நிக்காஹ் அன்று, அதை நடத்திவைக்கும் ஆலிம் பேச ஆரம்பித்துவிட்டார். பிரியாணிச் சட்டி தூக்கி வந்த ஒருவர் பெட்டியின் வயரில் காலை விட்டார். வயர் பிடுங்கிக்கொண்டது. படம் நின்றது.

கம்ப்யூட்டர் நிற்கவில்லை. வயரைச் செருகினேன். புரோகிராமை மட்டும் திரும்ப ஓட்டினேன். படம் வந்தது. அதன் பிறகுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

கொஞ்ச நேரத்தில் துபாயிலிருந்து போன். தம்பி ஸ்பீக்கரில் போட்டார்.

“பாத்தியளாண்ணே?”

“பாத்தேம்லே. நடுவுல படம் நின்னுச்சு, எனக்கு மூச்சே நின்னுட்டு. பொறவு வந்துட்டு. பாத்துட்டேன்.”

 

மச்சினன் வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

“மாட்டுவண்டி ஊர் வந்து சேந்துட்டு அத்தான்” என்றான்.

அந்த டிரைவரைத் திரும்ப ஏற்றவில்லை.